ஆக்கிரமிப்பு அகற்றம்

என் வீட்டிலிருந்து ஓட்டேரி பாலம் வரை
பதினோரு விளக்குக் கம்பம்.
மூன்றாவதில் இடது கால் மரத்துப்போகும்.
நான்காவதில் இரண்டும்.
செருப்பு வார் அறுந்தவள் போலக் குனிவேன்.
குனிந்தால் விட்டுவிடும்,
நிமிர்ந்தால் பிடித்துக்கொள்ளும்.
முப்பத்தோரு வருஷம் எவனுக்கும் குனியாத
மாநகராட்சிப் பொறியாளர், மழைநீர் வடிகால்,
கம்பத்துக்குக் கம்பம்
கும்பிடு போட்டுக்கொண்டு போனேன்.

சூப்பர் மார்க்கெட்டில் மட்டும்
தள்ளுவண்டி மேல் கவிழ்ந்தபடி
ஒன்றும் வாங்காமல் ஒரு மணி நேரம் நடப்பேன்.
கடைப் பையன்களுக்குச் சந்தேகம்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"கால்வாய் சுருங்கியிருக்கு" என்றார் டாக்டர் அன்வர்தீன்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இந்த ஊரில் எந்தக் கால்வாய் சார் சுருங்கவில்லை?
இரண்டு பக்கமும் எலும்பு வளர்ந்து
மஞ்சள் நார் தடித்து உள்ளே சாய்ந்து
நரம்பு போகும் வழி ஒரு கீறல்.
அளவு சொன்னார், மில்லிமீட்டரில்.
நான் அடிக்கணக்கில் எழுதியவள்.

எட்டு மில்லிமீட்டர் துளை போதும்.
தசையை வெட்ட மாட்டோம், விலக்குவோம்.
அழுத்துவதை மட்டும் எடுப்போம்,
மீதி அப்படியே நிற்கும்.
சொல்லிக்கொண்டே என் ஃபைல் மூலையில்
பேனாவால் படம் போட்டார்.

இடுப்புக்குக் கீழே நான் இல்லாத நேரத்தில்
கவிழ்ந்து கிடந்து கேட்டது
எலும்பைத் தேய்க்கும் மெல்லிய ரீங்காரமும்
தண்ணீரும்.
பை பையாய் உப்புநீர் இறங்கி
என் முதுகுக்குள் ஓடி
வெளியேறிக்கொண்டே இருந்தது.
தலையைத் திருப்பினால் திரை.
நசுங்கிக் கிடந்த நரம்புப்பை
எழுந்து, மெதுவாகத்
துடிக்க ஆரம்பித்தது.

அப்போது பவுனம்மா வந்தாள்.
நல்லா ஓரம், கதவெண் இல்லாத வீடு,
சிமெண்ட் ஷீட், தையல் மெஷின்.
"நாலடிதானே மேடம் தண்ணிய மறிக்குது,
அந்த நாலடிய மட்டும் எடுத்துக்கயேன்."
நாலடிதான். என் அளவுப் புத்தகத்திலும் அதேதான்.
ஆனால் எங்களிடம் இருந்தது ஜேசிபி.
அதற்கு நாலடி தெரியாது.
மதியச் சாப்பாட்டுக்குள் வரிசையே தரையில்.
மெஷினை அவள் தலையில் தூக்கி வைத்தது
யாரென்று ஞாபகம் இல்லை.
நான் இல்லை.

எனக்கு ஒரே தையல்.
மறுநாள் மாலை நடக்கவிட்டார்கள்.

இன்று பதினோரு கம்பமும் நிற்காமல் கடந்தேன்.
பாலத்தில்தான் நின்றேன், நிமிர்ந்து.
கீழே நாங்கள் கட்டிய சுவருக்குள்
கறுப்புத் தண்ணீர், தெர்மோகோல், ஒற்றைச் செருப்பு,
எதுவும் நகரவில்லை.

எவ்வளவு தூரமும் போகலாம் என்கிறார் அன்வர்தீன்.
பெரும்பாக்கத்துக்கு எத்தனையாம் நம்பர் பஸ் என்று
நிறுத்தத்தில் நின்ற பெண்ணிடம்
கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.