இரண்டு நாள் பயிற்சி

தஞ்சாவூரில், மாடி அறையில், ஓடாத ஏசிக்குக் கீழே
நாய்க்குப் பதிலாகத் தவிடு அடைத்த ஒரு கோணிப்பை.
இருபத்தாறு கால்நடை மருத்துவர்கள்
தரையில் உட்காரப் பழகினோம்.
கன்று குறுக்கே கிடந்தால்
தோள்வரை கையை விட்டுத் திருப்பிவிடுவோம்;
ஒரு மனிதருக்கு எதிரே சும்மா இருப்பது
வரவில்லை.

"தூங்க வைக்கிறோம் என்று சொல்லாதீர்கள்.
வீட்டில் பிள்ளை இருக்கும்,
அன்றிரவு அது கண்ணை மூடாது" என்றார் பயிற்சி தந்த அம்மா.
பின் என்னதான் சொல்வது?
கருணைக்கொலை என்று யாரோ பலகையில் எழுதினார்.
நல்லபடியாக வாசித்துக்கொண்டு போன கண்
பாதியில் தடுக்கி விழுந்தது.
ஒருவரும் அழிக்கவில்லை. டீ வந்தது.

நாயின் சொந்தக்காரராக நடித்தவர் குடவாசல் குலோத்துங்கன்.
நான் எல்லாம் விளக்கி முடித்ததும்
"எவ்வளவு ஆகும் டாக்டர்?" என்றார்.
அறையே சிரித்தது.
"இப்போது இவர் அழுகிறார், கவனித்தீர்களா?" என்றார் அந்த அம்மா.
மழுங்கிய பென்சிலில் குறித்துக்கொண்டேன்,
நம்பாமல்தான்.

ஐப்பசி.
நீடாமங்கலம் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையம்.
பதினேழு சதவீத ஈரத்துக்கு இறங்காத நெல்
தார்ப்பாய்க்கடியில் வெயிலுக்குக் காத்திருந்தது.
தராசுக்குப் பக்கத்தில் மேனேஜர் படுத்திருந்தது.
அதுதான் பெயர்.
லாரி வந்தால் முதலில் எழுந்துபோய்ப் பார்ப்பது அது.
பதினோரு வயது, சிறுநீரகம் போய்விட்டது,
நாலு நாளாய்ச் சொட்டுச் சொட்டாய் ஏற்றியதெல்லாம்
காலில் வீக்கமாக நின்றது.

சாக்கை விரித்து உட்கார்ந்தேன். சொன்னேன்.
"செத்துப்போகும். முதல் ஊசியில் அசந்துவிடும்,
இரண்டாவதில் நெஞ்சு நிற்கும்.
கண் திறந்தபடியே இருக்கும், பயப்படாதீங்க.
எல்லாம் முடிந்த பிறகு ஒரு மூச்சு வாங்கலாம்,
உயிர் திரும்பிவிட்டதென்று நினைத்துவிடாதீங்க."

மூட்டை தூக்கும் அந்தோணிராசு
தோள் துண்டை எடுத்து மடித்தார், உதறினார், மறுபடி மடித்தார்.
"எவ்வளவுங்க ஆகும்?"

அரசாங்க மருந்து, காசில்லை என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
தார்ப்பாய்மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.
நேரம் போனது. கடிகாரம் பார்க்கவில்லை.
"முன்னங்காலை நான் புடிச்சுக்கவா?" என்றார்.

புடித்துக்கொண்டார்.
நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டேன், இரண்டு தரம்.
மூச்சு ஒன்று வந்தது, சொன்னபடியே.
அவர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

குழியைப் பற்றிப் பயிற்சியில் எதுவும் இல்லை.
இரண்டடி வெட்டினால் தண்ணீர்;
வெண்ணாறு கரை தொட்டு ஓடுகிற மாதம்.
மேட்டில் வெட்டினோம், அங்கேயும் ஊறியது.
வேலியோரம் மூன்றாவது குழியிலும்
மண்வெட்டி சளக்கென்றது.
நாய் சாக்குக்குள் காத்திருந்தது.
சாக்கு தைக்கும் பாக்கியவதி
ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்தார்.
"பதரக் கொட்டுங்கய்யா, தண்ணியக் குடிச்சிக்கும்."

தூற்றும் மெஷினடியிலிருந்து
ஆறு கூடை, ஏழு கூடை.
அந்தோணிராசு குழிக்குள் இறங்கி
ஒரு பிடி அள்ளி விரலால் நெருடினார்,
பல்லில் வைத்துக்கூடப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு" என்றார்.
"குடுங்க."