மண்டூர்ப் பாதையில் ஒரு குளிர்ப்பெட்டி

எங்கள் பக்கம் தண்ணீருக்குமேல் ஓடுவதற்குப் பெயர்
பாதை.
ஒரு இரும்புத்தட்டு, ஒரு எஞ்சின்,
நாலைந்து மோட்டார் சைக்கிள்,
புதன்கிழமைகளில்
நீலப் பெட்டியை மடியில் வைத்து நான்.

“ஐஸ்பழமா மிஸ்?”
பள்ளிக்கூடம் கட்டடித்த பொடியன் கேட்கிறான்.
பதினொரு பெண்களின் இரத்தம், தம்பி.
“முடிஞ்சு போச்சுடா” என்று மட்டும் சொன்னேன்.

வயிறு தெரியமுதல் இரத்தம் எடு என்பது
கந்தோரின் சட்டம்.
மூன்று மாதம் முடியுமட்டும்
ஒருவருக்கும் மூச்சு விடாதே என்பது
மாமிமாரின் சட்டம்.
இரண்டுக்கும் நடுவில் என் ஸ்கூட்டி
கிறவல் ரோட்டில் குலுங்கிப் போகிறது.

பத்துக் குழாய்க்குப் பதில் கடதாசியில் வந்தது.
பதினொராவதற்குத் தொலைபேசியில்.
மறுமுனையில் இருந்த டொக்டர்
குரலைத் தாழ்த்தியபோதே விளங்கிற்று.
எச்.ஐ.வி. இல்லை.
மற்றது, பழைய வருத்தம்,
கிரந்தி என்று எங்கள் ஆட்கள்
ஏச்சுக்கு மட்டும் வைத்திருக்கும் பெயர்.

நிரோஜினி. இருபத்துநாலு. தலைப்பிள்ளை.
தம்பலவத்தையில் கிணற்றடியில்
மணலை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
மாமி கதிரை கொண்டுவந்தார்.
தேத்தண்ணி கொண்டுவந்தார்.
பிறகு அங்கேயே நின்றார்.
“புள்ளைக்கு என்னவாம் மிஸ்?”

சீனி, என்றேன்.
கொஞ்சம் கூடவாம். டவுனில ஒருக்காக் காட்டவேணும்.

மூன்று கரண்டி போட்டுப் போட்டு
மருமகளுக்குக் கொடுத்த கையை
மாமி சேலையில் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே நின்றார்.

நடு ஆற்றில் வைத்துத்தான் உண்மையைச் சொன்னேன்.
எஞ்சின் சத்தத்தில் வேறொருவருக்கும் கேளாது.
அவள் அழவில்லை.
“அவருக்கும் இருக்குமா?”
பார்க்கவேணும். கட்டாரிலிருந்து வந்ததும் கூட்டி வா.
“அப்ப ஆருக்கு முதல் வந்த?”
இரத்தத்துக்கு அது தெரியாது மனே, என்றேன்.
எனக்கும் அறிய ஆசைதான்.
அந்த ஆசையை நாக்குக்குக் கீழே
வைத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

மட்டக்களப்பில் அந்த வாசலுக்குப்
பெயர்ப்பலகை சின்னது.
பெனிசிலின் எருமைத்தயிர்போலத் தடிப்பு,
மெதுவாகத்தான் இறங்கும்.
மூன்று செவ்வாய். இரண்டு பக்கமும்.
திரும்பி வரும்போது பஸ்ஸில்
அவள் இருக்கவில்லை,
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
சனம் நினைத்தது சீற் கிடைக்கவில்லை என்று.

இரண்டாம் செவ்வாய், வாங்கில் இன்னொருத்தி.
பெயர் கேட்கக்கூடாது, கேட்கவில்லை.
அவளாகவே சொன்னாள்:
“எனக்குப் பெரிய வருத்தம்கா.
இவன் வயித்தில இருக்கக்குள்ளதான் பிடிச்சாங்க.
ஒரு நாளும் குளிசை தப்பவிடல்ல.
இவனுக்கு ஒண்டுமில்ல.”
இவன் என்கிறவன் கச்சான் கோதுகளை
ஒவ்வொன்றாக என் செருப்புக்குக் கீழ் தள்ளினான்.
நிரோஜினி முதன்முதலாகத்
தன் வயிற்றில் கை வைத்தாள்.

கணவன் வந்தான். கையை நீட்டினான்.
ஊசி ஏறுமட்டும் காற்றாடியைப் பார்த்தான்.
அன்றிரவு அந்த வீட்டில் என்ன பேசினார்கள்,
பேசினார்களா என்று எழுத
என் பதிவேட்டில் கட்டமில்லை.

தை மாதம். களுவாஞ்சிகுடி.
பெண், இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
அந்தப் பிஞ்சுக் கையிலும் ஒரு குழாய் எடுத்தார்கள்.
அந்தப் பெட்டியை நான் தூக்கவில்லை,
ஆனாலும் மடி கனத்துக்கொண்டே இருந்தது
பதில் வருமட்டும்.
வந்தது. கடதாசியில்.

மறுகா ஒரு நாள் பிள்ளையை நிறுக்கப் போனேன்.
“சீனி இறங்கிட்டாமா மிஸ்?”
இறங்கிட்டு, என்றேன். முழுசா இறங்கிட்டு.

ஏழு மாதம் வெறுந்தேத்தண்ணி குடித்தவள்.
மாமி சந்தோசத்தில்
கரண்டியை எண்ணாமல் போட்டார்,
அவளுக்கும் எனக்கும்.
கோப்பை விளிம்புக்கு மேலால் என்னைப் பார்த்தபடி
நிரோஜினி ஒரே மிடறில் முடித்தாள்.

உண்மையில் சீனி வருத்தம் எனக்குத்தான்,
எட்டு வருசமாக.
சொல்லவில்லை.
குடித்தேன்.