நாற்காலி முனகும் இடம்

சாலிகிராமத்தில் என் வேலை
மூச்சை அழிப்பது.
வசனத்துக்கு முன்னால் இழுத்த மூச்சு,
எச்சில் விழுங்கியது, வளையல் உரசியது,
மூன்றாம் மாடிக்கும் ஏறிவந்த குல்ஃபி வண்டி மணி,
எல்லாம் திரையில் பச்சைப் புல்லாக முளைத்திருக்கும்.
மேய்ந்துகொண்டே போவேன்
ராத்திரி பதினொன்று வரை.

ராயப்பேட்டை நடைபாதையில்
நாற்பது ரூபாய்க்கு அந்தத் தகடு.
உறை ஈரம்பட்டு ஊதியிருந்தது.
அயர்லாந்து என்று மட்டும் படிக்க முடிந்தது.
ஐந்து பேர், ஒரு கல் சுவர், ஒரு நாய்.
நாய்க்கும் பெயர் போட்டிருந்தார்கள்,
அதன்மேல்தான் கறை.

பதின்மூன்று தடங்கள்.
ஆறில் பாட்டு, ஆறில் வெறும் வாத்தியம்.
(வெறும் என்று எழுதிவிட்டேன்,
தொழில் பழக்கம், மன்னிக்கவும்.)
மீதி ஒன்றைப் பிறகு சொல்கிறேன்.

பாட்டுகளில் ஒன்று ஆங்கிலம்.
கடலுக்குப் போகிறவன் மளிகைக் கடனை
வைத்துவிட்டுப் போகிறான்,
கடைக்காரன் பெயரைக்கூடப் பாடுகிறார்கள்.
மற்றவை ஒரு சொல்லும் எட்டாத மொழி.
யாரையோ திட்டுகிறாள் இவள், என்றாள் ஜெசிந்தா.
திரும்பக் கேட்டால், ஆமாம், திட்டுதான்.
நடுவில் கொஞ்சம் அழுகை.

நான்காம் தடம்தான் விஷயம்.
அக்குளில் துருத்தியை அமுக்கி
வாயே வைக்காமல் வாசிக்கிற குழல்.
அது தொடங்கக் கால் நொடி இருக்கையில்
ஒரு நாற்காலி முனகுகிறது.
பிறகு யாருடைய பூட்ஸோ பலகைத் தரையைத் தட்டுகிறது,
தாளத்துக்கு ஒரு மயிரிழை முந்தி.
இரண்டாம் சுற்றில் பிடில்காரி மூச்சுவிடுகிறாள்.
எதையும் அழிக்கவில்லை.
அழிக்க அங்கே ஆளே இல்லையா,
இல்லை, என்னைப்போல் ஒருவன் இருந்து
கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டானா?

அப்போது அயனாவரத்தில் எங்கள் தெருவுக்கு அடியில்
மெட்ரோ துளைத்துக்கொண்டிருந்தது.
அலமாரியில் டம்ளர்கள் சன்னமாக அதிரும்.
ஏழாம் தடத்தின் தோல்கருவியும் அதுவும்
ஓரிடத்தில் சேர்ந்தபோது
தூக்கத்திலேயே சொன்னாள் ஜெசிந்தா:
சத்தத்தைக் குறை.
எதை என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு மரணக் காட்சி.
பேசியது வடிவாம்பாள்,
காலையில் வேறொரு படத்தில் சிரித்துவிட்டு வந்தவர்.
'எப்ப வந்தே?' அவ்வளவுதான் வசனம்.
அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது.
நாலே நாலு பச்சைப் புல்.
தேர்ந்தெடுத்தேன்.
விட்டுவிட்டேன்.

தயாளன் சார் ஹெட்போனில் இரண்டு தரம் கேட்டார்.
ஏதோ இருக்குதே, என்றார்.
இருக்கு சார்.
மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு
என்னை டீ வாங்க அனுப்பினார்.
அழித்தாரா என்பது படம் வந்தால்தான் தெரியும்.
படம் இன்னும் பெட்டியில் இருக்கிறது.

பதின்மூன்றாம் தடம் ஓடாது. கீறல்.
ஒரு ஆள் தொண்டையைச் செருமுகிறான்,
மறுபடி அதே செருமல்,
மறுபடி.
பாடப்போகிறானா, வாசிக்கப்போகிறானா,
எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.
திட்டப்போகிறான் என்கிறாள் ஜெசிந்தா.