ஞாயிறு, நூற்றிருபது டிகிரி

கேக் வேகும் அடுப்பில் இன்று
ஜாவாவின் வயிறு.
பாதி வயிறு என்று சொல்ல வேண்டும்,
வலப்பக்க உறை மட்டும்.
மறுபாதி பால்கனியில்
வெங்காயக் கூடைக்கு அருகே
தன் முறைக்குக் காத்திருக்கிறது.

ஓஸ்ட்ராவாவில் எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
டிராமில் ஸ்டீரிங் கிடையாது.
இந்த வண்டியை ஏன் வாங்கினாய் என்று கேட்பவர்களுக்கு
என்னிடம் இருப்பது அந்த ஒரு பதில்தான்.

ஐந்தாம் மாடி. லிஃப்ட் பழுது.
எஞ்சினைப் பிரித்துப் பிரித்து
நான்கு நடையாக மேலே ஏற்றினேன்.
கீழ் வீட்டு போஹுமில் கதவிடுக்கில் நின்று
"பிணமா?" என்றார்.
"வயது நாற்பத்தேழு, இன்னும் மூச்சிருக்கிறது" என்றேன்.
கதவைச் சாத்திக்கொண்டார்.

ஃப்ரீசரில், உறைந்த பட்டாணிக்கும்
யித்கா பிடித்துவைத்த பிளம் கொழுக்கட்டைக்கும் நடுவே
நேற்றிரவு முதல் விறைத்துக் கிடக்கிறது
புது பேரிங்.
குளிரில் எஃகு ஒடுங்கும், சூட்டில் அலுமினியம் விரியும்.
கையேட்டில் இது ஒற்றை வரி.
அந்த வரியை நம்புவதற்கு எனக்கு
மூன்று வாரமும்
ஒரு கட்டைவிரல் நகமும் ஆயின.

பழைய பேரிங்கைக் கழற்றிய அன்று
குழியின் மசியை மண்ணெண்ணெயில் துடைக்கத் துடைக்க
உள்சுவரில் ஆணிக் கீறல்.
எழுத்து. சாய்ந்த கை.
"83 மார்ச். இங்கே சுத்தியலால் அடித்தேன்.
அவசரம். மன்னிக்கவும்."
பக்கத்தில் மயிரிழை விரிசல் ஒன்று,
ஏதோ பசையில் அடைபட்டு.

யாரிடம் கேட்ட மன்னிப்பு?
எஞ்சினிடமா,
அடுத்துத் திறக்கப்போகும் கையிடமா?
அந்த மார்ச்சில் அப்படி என்ன அவசரம்,
சுரங்கத்தில் இரவு ஷிஃப்டா, பிரசவமா,
மழைக்கு முன் வீடு சேர வேண்டியிருந்ததா?
நாற்பது வருடமாக ஒரு சொட்டும் கசியவில்லை
என்று அந்த ஆளிடம் சொல்லத்தான் ஆசை.
முகவரி இல்லை.

அடுப்பைத் திறந்து
எச்சில் தொட்ட விரலை உறையில் வைத்தேன்.
சுர்ரென்றது. போதும்.
யித்கா அடுப்படிக் கையுறையோடு பிடித்துக்கொள்ள
பேரிங்கைக் குழிமேல் வைத்தேன்.
வைத்தேன், அவ்வளவுதான்.
வாழைப்பழத்தில் ஊசி.
டொக்.
மேசையில் தயாராகக் கிடந்த சுத்தியலைப் பார்க்க
கொஞ்சம் பாவமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, பாயின்ட்.
திறக்கும் கணத்தைப் பிடிக்க சிகரெட் தாள் வேண்டும்.
நான் புகைப்பதில்லை.
போஹுமில் கொடுத்தார்.
கொடுத்துவிட்டுப் போகாமல்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தாள் எப்போது வழுக்குகிறதென்று
என்னோடு மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தார்.
"இப்போ" என்றார், எனக்கு முன்னே.

இந்த வண்டியில்
உதைக்கும் கம்பியும் கியர்க் கம்பியும் ஒன்றே.
உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் எழுப்பும்,
கீழே மடக்கினால் நடத்தும்.
பதினேழாம் உதையில் இருமியது.
பதினெட்டு, பத்தொன்பது, இருபது
ஒன்றுமில்லை.
"பெட்ரோல் குழாயைத் திறந்தாயா?"
ஐந்தாம் மாடியிலிருந்து யித்கா.

திறந்தேன்.

நீலப் புகை.
கட்டடத்தின் சன்னல்கள்
மேலிருந்து கீழாக மூடிக்கொண்டே வந்தன.
இரண்டு சிலிண்டரும்
ஒன்றையொன்று பேசவிடாத சகோதரிகள் மாதிரி
படபடத்து, பிறகு
ஒரே பேச்சுக்கு வந்தன.

சொல்ல மறந்துவிட்டேன்.
உறைகளைச் சேர்த்துப் பூட்டும் முன்
அந்த ஆணிக் கீறலுக்குக் கீழே
நானும் ஆணியால் எழுதினேன்:
"23 அக்டோபர். சமையல் அடுப்பு.
விரிசல் நலம். நலமறிய ஆவல்."

ஒரு வாஷர் மிச்சம்.
எங்கிருந்து கழன்றதென்று தெரியவில்லை.
கரண்டி டப்பாவில் போட்டுவைத்திருக்கிறேன்.