இரண்டு நஹ்தா

அம்மா இருப்பது ஷார்ஜா நஹ்தா.
அப்பா இருப்பது துபாய் நஹ்தா.
ஒரே பெயர். நடுவில் ஒரு சாலை,
ஒரு கம்பி வேலி, வேலியில்
யாரோ வளைத்துவிட்டுப் போன ஆள் அகல ஓட்டை.

நடந்தால் பன்னிரண்டு நிமிஷம்.
காரில், அந்தச் சிக்னலைச் சுற்றி, ஐம்பது.
காரில்தான் என்று கையெழுத்தாகியிருக்கிறது.
அப்பா கீழே நின்று மிஸ்டு கால் கொடுப்பார்.
அம்மா லிஃப்ட் வரை வருவாள்.
கதவு மூடியதும்
பதினாலு மாடிக்கு
நான் யாருடைய மகளும் இல்லை.

விசாவில் ஸ்பான்சர் அப்பா.
காய்ச்சலில் ஸ்பான்சர் அம்மா.
கணக்கு நோட்டு எப்போதும்
நான் இல்லாத வீட்டில்.
"மறந்துட்டேன் மிஸ்" என்பேன்.
ரெனிஷாவுக்கு மட்டும் தெரியும்.
ஒன்றும் கேட்காமல்
பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவாள்.

அப்பா வீட்டில் எனக்கென்று கட்டில் உண்டு.
அது ஜெபினுடையதும்.
பிரமிளா ஆன்ட்டியின் மகன், ஒன்பது வயது.
நான் வருகிற சனி ஞாயிறு
அவன் அஜ்மானில், அவன் அப்பாவிடம்.
ஏழு மாதமாக ஒரே மெத்தையில் படுக்கிறோம்,
இரண்டு முறைதான் பார்த்திருக்கிறோம்.

தலையணைக்குப் பக்கத்தில் ஒரு டைனோசரை விட்டுப் போவான்,
வாலெல்லாம் பல் தடம்.
எரிச்சலில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
அடுத்த முறை ஜன்னலைப் பார்த்து நின்றது.
கதவுப்பக்கம் திருப்பினேன்.
கவிழ்த்துப் போட்டிருந்தான்.
ஒருநாள் என் ஹேர்பேண்டை
அதன் கழுத்தில் மாட்டிவிட்டு வந்தேன்.
கழற்றவில்லை.

எங்களுக்கு வெள்ளி விடுமுறை.
அந்தப் பக்கம் அரைநாள்.
சனியையும் ஞாயிறையும் பங்கு போட்டவர்கள்
வெள்ளியை மறந்துவிட்டார்கள்.
அம்மா டியூட்டிக்குப் போனபின்
ஓட்டைக்குள் குனிந்து நுழைந்தேன்.
பையைக் கம்பி பிடித்து இழுத்தது.

எங்கும் போவதற்காக இல்லை.
முனைக் கஃபெடீரியாவில் ஒரு கரக் டீ.
"மோளே, வீடெவிடெ?" என்றார் சேட்டன்.
இங்கேதான் என்றேன்.
பொய்யில்லை.

ஸ்கூல் பஸ் நின்று ஜெபின் இறங்கினான்.
கழுத்தில் சாவி, அவனைவிடப் பெரிய பை.
என்னைப் பார்த்தான்.
சிரிக்கவில்லை, ஓடவுமில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டான்:

"நீங்க படுக்கிற அன்னைக்கு
அது பயப்படுதா?"

டீயை ஊதினேன்.
"கொஞ்சம்."

காலிக் கப் ஒன்று கேட்டு வாங்கிப்
பாதி ஊற்றினேன்.
சர்க்கரை பத்தலை என்றான்.