இருக்கலாம்

அந்த வீட்டைக் கொளுத்திவிடச் சொன்னார்கள்.
ஓனியிலிருந்து வரும் ரொட்டி வண்டிக்காரன்கூட
அந்த வளைவில் ஒலிப்பான் அடிக்காமல் கடந்தான்.
பதினோரு வருடம். ஒரே மர வீடு.
மூன்று பெட்டிகளை ஒரே குறுகிய படிக்கட்டில்
சாய்த்துச் சாய்த்து இறக்கியிருந்தார்கள்.

நான் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து போனேன்,
கார்பன் மோனாக்சைடு அளவி, ஆறு கண்ணாடிக் குப்பி, ஒரு படிவத்தோடு.

அடுப்பின் புகைக்குழாயில் கைவிட்டுத் துழாவினேன்:
கரி, ஒரு குருவியின் எலும்பு. இழுப்பு நன்றாகவே இருந்தது.
கன்னத்தைச் சிவக்கவைத்துவிட்டு உயிரைக் கொண்டுபோகும்
வாயு ஒன்று உண்டு;
முர்மானின் முகம் வெளுத்திருந்தது என்றார்கள்.

கிணறு. மேட்டில் மூடிக்கிடக்கும் ஆர்செனிக் சுரங்கம்.
அதைத்தான் நம்பிப் போனேன்,
உண்மையைச் சொன்னால், ஆசைப்பட்டேன்.
திபிலிசியிலிருந்து தாள் வந்தது: குடிக்கத் தக்க நீர்.
சுவரில் பூஞ்சை இருந்தது. பூஞ்சை இருமவைக்கும்;
ஒரு காலைப்பொழுதில் சட்டென்று ஊதி அணைக்காது.

ஊர் தன் பங்குக்கு ஒரு காரணம் வைத்திருந்தது:
நாசிப்ரோலா. வாழவந்தவள்.
முர்மானின் மனைவி, லமாராவின் அண்ணி, சிட்சினோவின் தாய்.
மூவருக்கும் சமைத்தவள்,
தான் மட்டும் சாகாதவள்.
எனக்கு பீன்ஸ் வைத்த ரொட்டி கொண்டுவந்தாள்.
முதல் துண்டைப் பிய்த்துத் தானே தின்று காட்டினாள்,
யாரும் கேட்காமலே.

அலமாரியின் மேல் கம்பளி சுற்றிய ஒரு பொட்டலம்.
"கடிகாரம்" என்றாள்.
"அன்றைக்குச் சாவி தீரும்வரை அடித்தது. அவர் எழவில்லை."
லமாரா?
"பிள்ளை பெற்று ஏழு வாரம். விடியலில் தொலைபேசி.
ராங் நம்பர். எடுக்கப்போனவள் பாதி வழியில் விழுந்தாள்."
சிட்சினோ?
மேசையில் சிந்திய மாவைக் கூட்டிக்கொண்டிருந்த கை நின்றது.
"அவளுக்கும் போன்தான்.
நான்தான் அழைத்தேன், சந்தையிலிருந்து,
எழுந்துவிட்டாயா என்று கேட்க."

பேனாவை மூடினேன். அளவியை அணைத்தேன்.
அணையும்போது அது கூர்மையாக ஒருமுறை கத்தும்.
அடுத்த அறையில் பதின்மூன்று வயது ஓட்டியா
தூங்கிக்கொண்டிருக்கிறான் என்பது
அப்போதுதான் உறைத்தது.

குட்டாயிசியில் அவன் மார்பில் ஒட்டுகள் வைத்தார்கள்.
காகிதத்தில் மலைகள் எழுந்தன.
ஒவ்வொரு துடிப்பின் கடைசி மேடும்
நேரங்கடந்து வந்தது,
குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் போல.
அந்தத் தாமதத்துக்குள் ஒரு திடுக்கிடல் விழுந்தால்
இதயம் தாளம் தப்பும்,
நடுங்கி நடுங்கியே ஓய்ந்துவிடும்.
அப்பா வழிச் சொத்து.
லமாராவின் பிள்ளை இப்போது ருஸ்தாவியில்;
அங்கும் ஒரு கடிதம் போட்டோம்.
நாசிப்ரோலாவின் காகிதம் ஒழுங்காக இருந்தது.
வேற்று ரத்தம்.
இத்தனை நாளும் அது வசைச்சொல்லாக இருந்தது.

'இறப்பின் காரணம்' என்ற கட்டம் தீப்பெட்டி அளவு.
மூன்று படிவத்திலும் 'இருக்கலாம்' என்று சேர்த்து எழுதினேன்.
மண்ணுக்குள் போன இதயத்தில் ஒட்டு வைக்க முடியாதே.
மேலதிகாரிக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.
நாசிப்ரோலா படித்துவிட்டு,
"அப்படியானால் சிட்சினோவை நானேதான்" என்று தொடங்கினாள்.
முடிக்கவில்லை.
நானும் முடித்துவைக்கவில்லை,
அந்தச் சின்னச் சொல்லின்மேல் விரலை வைத்துக்காட்டினேன்.

மறு வருடம் மாத்திரைக் கணக்குப் பார்க்கப் போய்
அங்கேயே இரவு தங்கினேன்.
வாசலில் அழைப்புமணியைக் கழற்றிய துளை.
சேவலை விற்றுவிட்டிருந்தாள்.
ஆறரைக்குத் திரையைக் கொஞ்சம் விலக்கினாள்.
வெளிச்சம் ஓட்டியாவின் பாதத்தில் தொடங்கி ஏறியது.
அது கழுத்துக்கு வரும்வரை காத்திருந்து
கணுக்காலில் மெல்லக் கை வைத்தாள்.
கண் திறக்காமலே அவன்
இன்னும் அஞ்சு நிமிஷம் என்றான்.

கொடுத்தாள்.