கடைசி இலக்கம்

முதல் படம் பாசையூர்ச் சந்தை.
காலை ஆறரை. கூறு போட்ட சூடை மீன்,
ஏலம் கூறுற மனிசன்ரை பாதி வாய்.
மச்சாள் வாங்கிப் பார்த்தா.
"மீனையோ படம் பிடிச்சனீ?"
சிரிச்சுப்போட்டுப் போனைத் திருப்பித் தந்தா.
அவ பார்த்த அந்தச் செதிலுகளுக்குள்ளைதான்
உமக்கு எழுதினனான், செலஸ்ரீன்,
நாற்பத்தொரு சொல்லு.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண்.
அதின்ரை கடைசி இலக்கத்தை ஒருத்தரும் கணக்கெடுக்கிறதில்லை.
நூற்று முப்பத்துநாலை முப்பத்தைஞ்சாக்கினாலும்
சாம்பல் சாம்பலாத்தான் கிடக்கும்.
புளியங்கொட்டையைக் கைக்குள்ளை பொத்தி
ஒற்றையோ இரட்டையோ எண்டு கேட்பமே,
அவ்வளவுதான்.
ஆறாயிரம் தரம் கேட்டால் ஒரு கடிதம்.

வெறும் வானத்திலை எழுதாதையும், பிடிபடும்,
சனம் நெரியிற இடமாப் பாரும் எண்டனீர்.
அதாலை பண்ணைக் கடலின்ரை சுருக்கம்,
கிளுவை வேலி,
மின்சார நிலைய வீதியிலை பூப்போட்ட துணிக்கட்டு,
பெரிய கோவில் திருநாளிலை ஆக்களின்ரை பின்தலை.
"இவளுக்குப் படம் எடுக்கத் தெரியாது" எண்டார் அண்ணர்.
ஓம் எண்டன்.

திறப்பு, நீர் ஏறிப்போன பஸ்ஸின்ரை நம்பர்.
அதை நான் எங்கையும் எழுதி வைக்கேல்லை.

மார்கழியிலை உம்மட படம் வந்தது.
பேர்கன். அறை யன்னல்.
வெளியிலை பனி,
ஒரு காகம்கூட இல்லாத வெள்ளை.
மெயிலிலை இல்லை, வட்சப்பிலை.

அது நசுக்கும் எண்டு உமக்குத் தெரியும்.
கண்ணுக்குத் தெரியாததைத்தான் முதல் எறியும்,
நிறை கூடின பெட்டியிலை இருந்து
பனாட்டைத் தூக்கி வெளியிலை வைக்கிற மாதிரி.

நாலு தரம் திறந்தன்.
கேள்விக்குறியும் வெறும் பெட்டியளும்.
ஐஞ்சாம் தரம் பஸ் நம்பரைப் பிழையா அடிச்சுப் பார்த்தன்,
அதுக்கும் அதே குப்பைதான்.

எழுதினதை வழியிலை நசுக்கினதோ,
இல்லாட்டி
எழுத ஒண்டுமில்லாத ஒராள்
எழுத இடமில்லாத படமாத் தேடி எடுத்தவரோ?
வெள்ளையைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பார்க்கிறன்.
யன்னல் விளிம்பிலை மட்டும்
கொஞ்சம் சாம்பல்.

மச்சாள் தோளுக்கு மேலாலை எட்டிப் பார்த்தா.
"வடிவான படம். ஆர் அனுப்பினது?"

இவ்வளவு நாளும்
மீனை ஆர் எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை.

கலண்டர் படம் எண்டன்.